அன்ராவல்: சிக்கெடுப்பதும் இழை பிரிவதும்

ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், அமைதிப் பேச்சுவார்த்தை ஒன்றைப் பற்றிய தலைப்பில் அன்ராவல் என்ற வினைச்சொல்லைப் பார்த்தேன். கையிலிருந்த அகராதி அதற்கு முதல் பொருளாக ‘சிக்கெடு, சிக்கலை அவிழ்’ என்று தந்திருந்தது. அப்படியானால் இரு தரப்புக்கும் இடையே இருந்த சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மகிழ்ச்சியோடு செய்திக்குள் போனேன். மூன்றாவது பத்தியில்தான் விஷயம் தெரிந்தது. அதுவரை ஒப்புக்கொண்டதையெல்லாம் இரு தரப்பும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. பேச்சுவார்த்தை தீரவில்லை, குலைந்துகொண்டிருந்தது.

அகராதி தவறாகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று நல்ல செய்தி, இன்னொன்று கெட்ட செய்தி. ஆங்கிலம் கற்பவர்கள் பலர் இந்த இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல், ஒரே ஒரு கேள்வியை வைத்து இதைக் கடந்துவிடலாம். அந்தக் கேள்வியையும், இந்தச் சொல்லின் பங்காளிகளான அன்டேங்கிள், டிஸ்என்டேங்கிள், எக்ஸ்ட்ரிகேட் ஆகியவற்றையும் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் உச்சரிப்பு

அன்ராவல் என்பது டிராவல் என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போகும். நடு அசையில் வரும் உயிரொலி தமிழ் ‘ரா’வுக்கும் ‘ரே’வுக்கும் இடைப்பட்டது, பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் வரும் அதே ஒலி. அழுத்தமும் அந்த நடு அசையில்தான். அன்டேங்கிள், டிஸ்என்டேங்கிள் இரண்டிலும் அழுத்தம் ‘டேங்’ மீது விழும். எக்ஸ்ட்ரிகேட் மட்டும் விதிவிலக்கு; அங்கே முதல் அசையையே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்து, சொல்லை உடைத்துப் பார்ப்பது

‘அன்’ என்ற முன்னொட்டு ஆங்கிலத்தில் இரண்டு வேலை செய்கிறது. பெயரடைக்கு முன்னால் வந்தால் ‘இல்லை’ என்று பொருள். அன்ஹேப்பி என்றால் மகிழ்ச்சி இல்லாத. வினைச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் செய்ததைத் திருப்பிச் செய்வது. அன்லாக் என்றால் பூட்டைத் திறப்பது, அன்டை என்றால் கட்டை அவிழ்ப்பது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது ‘அன்’.

அன்டேங்கிள் இந்தக் கணக்குக்குச் சரியாக வருகிறது. டேங்கிள் என்றால் சிக்கு. அன்டேங்கிள் என்றால் சிக்கெடுப்பது. ஆனால் அன்ராவல் சற்று விசித்திரமான சொல். அதன் உள்ளே இருக்கும் ராவல், டச்சு மொழியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. துணியின் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குவதைக் குறிக்கும் சொல் அது. ஓரத்தில் பிரிந்து தொங்கும் நூல்கள் என்ன ஆகும்? ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக்கொள்ளும். அதனால் ராவல் என்ற ஒரே சொல்லுக்கு ‘பிரிவது’ என்றும் ‘சிக்குவது’ என்றும் எதிரெதிரான இரண்டு பொருள்கள் சேர்ந்துவிட்டன. பிறகு முன்னால் ‘அன்’ ஒட்டியபோது, சிக்கை எடுப்பது, பிரிந்துபோவது என்ற இரண்டு பொருளுமே அன்ராவலுக்கு வந்துவிட்டன. லூசன், அன்லூசன் இரண்டும் ‘தளர்த்து’ என்றே பொருள்படுவதைப் பார்த்தால் இது தனி விபத்து இல்லை என்று புரியும். ராவல் இன்று தனியாக அதிகம் புழங்குவதில்லை. பழைய எழுத்தில் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

இப்போது அந்தக் கேள்வி

அன்ராவல் என்ற சொல்லைப் பார்த்ததும் அகராதியைத் தேட வேண்டாம். அந்த வாக்கியத்தில் அன்ராவல் ஆகும் பொருள் எது என்று பாருங்கள். பிறகு கேளுங்கள்: அது முடிச்சா, பின்னலா?

மர்மம், புதிர், ரகசியம், குறியீட்டு மொழி, நூற்கண்டின் சிக்கு எல்லாம் முடிச்சு வகை. அவை அவிழ வேண்டும் என்றுதான் எல்லோரும் விரும்புகிறோம். ஆகவே அங்கே அன்ராவல் நல்ல செய்தி. எகிப்தியப் பட எழுத்தை 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் படித்துக்காட்டியதையும், 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்டதையும் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இந்த வினையைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். தமிழில் இதற்கு அவிழ், விடுவி, துலங்கு என்ற சொற்கள் கைகொடுக்கும். ‘மர்ம முடிச்சு அவிழ்ந்தது’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவது இதே உருவகம்தான்.

ஸ்வெட்டர், கயிறு, திட்டம், ஒப்பந்தம், திருமணம், வாதம், பொய்க் கதை எல்லாம் பின்னல் வகை. யாரோ உட்கார்ந்து இழை சேர்த்துக் கட்டியவை. அவை பிரிந்தால் நஷ்டம். அங்கே அன்ராவல் கெட்ட செய்தி. தமிழில் குலை, பிரி, சிதை, கட்டுக்குலை என்று வர வேண்டும். ‘தி பிளான் அன்ராவல்ட்’ என்பதை ‘திட்டம் அவிழ்ந்தது’ என்று மொழிபெயர்த்தால் வாசகருக்கு ஒன்றும் புரியாது. ‘திட்டம் குலைந்தது’ என்றால் உடனே புரியும்.

என் பேச்சுவார்த்தைத் தலைப்பையே இந்தக் கேள்வியில் போட்டுப் பார்க்கலாம். பேச்சுவார்த்தை என்பது பல நாள் உழைப்பில், ஒவ்வொரு சலுகையாகச் சேர்த்துப் பின்னியது. பின்னல் வகை. ஆகவே கெட்ட செய்தி. அன்றைக்கு எனக்கு இந்தக் கேள்வி தெரிந்திருந்தால் மூன்றாவது பத்தி வரை போக வேண்டியிருந்திருக்காது.

இந்தச் சொல்லுக்குள் ஒரு வேகமும் இருக்கிறது. கையால் பின்னிய கம்பளித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நூல்தான் வளையம் வளையமாக ஓடியிருக்கும். ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வரிசை வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியாகப் பின்னி முடித்த முனையைத் தளர்த்தி இழுத்தால் வரிசை வரிசையாகக் கழன்று வந்துகொண்டே இருக்கும். பின்னத் தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் அவ்வளவு எளிதில் வராது. இந்தப் படம் மனதில் இருந்தால் அன்ராவலுக்கும் கொலாப்ஸுக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். கொலாப்ஸ் என்றால் கட்டடம் இடிவதுபோல் ஒரே அடியாகச் சரிவது. அன்ராவல் என்றால் ஓர் இழை விட்டு, அதனால் அடுத்தது விட்டு, கண்முன்னே மெல்ல மெல்லக் குலைவது. தமிழ்ச் செய்திகளில் ‘பேச்சுவார்த்தை முறிந்தது’ என்று எழுதுவோம். முறிவது சட்டென்று நடக்கும். அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது. அன்ராவலை ‘முறிந்தது’ என்று பெயர்த்தால் அந்த மெதுவான சரிவு காணாமல் போகிறது. ‘குலையத் தொடங்கியது’ என்பதே நெருக்கம். ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லோடு ‘பிகன் டு’, ‘ஸ்டார்ட்டட் டு’ என்று தொடக்கத்தைக் காட்டும் சொற்கள் அடிக்கடி சேர்ந்து வருவதற்கு இதுவே காரணம்.

தன்வினையும் பிறவினையும்

தமிழ் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் ஒரு சாதகமும் ஒரு சங்கடமும் உண்டு. பிரிகிறது, பிரிக்கிறது, அவிழ்கிறது, அவிழ்க்கிறது, குலைகிறது, குலைக்கிறது. தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பதை நம் வினைச்சொல்லே ஒரு ‘க்’கில் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அன்ராவல் இரண்டுக்கும் ஒரே வடிவம். ‘ஐ அன்ராவல்ட் த ஸ்லீவ்’ என்றால் ஸ்வெட்டரின் கைப்பகுதியை நான் பிரித்தேன். ‘த ஸ்லீவ் அன்ராவல்ட்’ என்றால் அது பிரிந்துபோயிற்று. வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மொழிபெயர்க்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் ‘ஒப்பந்தம் பிரித்தது’ போன்ற வாக்கியங்கள் பிறக்கும்.

அன்டேங்கிள் இப்படி இரு பக்கமும் போவது மிகக் குறைவு. அது கிட்டத்தட்ட எப்போதும் செய்பவரைக் கேட்கும் வினை. இதற்கு நூலின் இயல்பிலேயே காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2007-இல் கலிஃபோர்னியாவில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இரு இயற்பியலாளர்கள் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டு உருட்டிப் பார்த்தார்கள். நூல் போதுமான நீளம் இருந்தால் சில நொடிகளிலேயே தானாக முடிச்சு விழுந்தது. பைக்குள் போட்ட இயர்போன் வயர் ஏன் எப்போதும் சிக்கலாகவே வெளியே வருகிறது என்பதற்கு விடை அதுதான். சிக்கு தானாக விழும். தானாகப் போகாது, ஒருவர் உட்கார்ந்து எடுக்க வேண்டும். பின்னல் நேர்மாறு. ஒருவர் உட்கார்ந்து பின்ன வேண்டும். குலைவது தானாக நடக்கும். ஆங்கில வினைகள் இரண்டும் இந்த நடப்புக்கு ஏற்றபடியே நடந்துகொள்கின்றன. இதை நினைவில் வைத்தால் இலக்கண விதியைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

பங்காளிகளைப் பிரித்தறிவது

அன்டேங்கிள் அன்றாடச் சொல். வயர், முடி, மீன்வலை, கயிறு, பட்டத்து நூல் எதற்கும் பயன்படுத்தலாம். கணக்கு வழக்கு, சொத்துப் பிரச்சினை, குழம்பிய உறவுமுறை போன்றவற்றுக்கும் உருவகமாக வரும். தலைமுடிக்கென்றே டிடேங்கிள் என்று ஒரு சொல் இருக்கிறது. ஷாம்பூ, சீப்பு விளம்பரங்களுக்கு வெளியே அதை அதிகம் பார்க்க மாட்டீர்கள். நமக்கு இந்த உருவகம் புதிதே அல்ல. ‘சிக்கல்’ என்ற நம் சொல்லே நூலில் விழும் சிக்கையும் வாழ்க்கையில் வரும் பிரச்சினையையும் சேர்த்துத்தானே குறிக்கிறது! ஆங்கிலத்தில் டேங்கிள், பிராப்ளம் என்று இரண்டாகப் போவது நம்மிடம் ஒன்றாகவே இருக்கிறது. அதனால் அன்டேங்கிள் தமிழருக்கு எளிதாகப் பிடிபடும்.

டிஸ்என்டேங்கிள் வேறு கணக்கு. ஒரே பொருளில் விழுந்த சிக்கு அல்ல இங்கே. ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இரண்டை இரண்டாகப் பிரித்தெடுப்பது. அதனால் இதற்குப் பின்னால் பெரும்பாலும் ‘ஃப்ரம்’ வரும்: இதை அதிலிருந்து பிரித்து. முள்செடியில் மாட்டிய துணியை விடுவிப்பதற்கும் வரும். ஆனால் இதன் சொந்த வீடு ஆராய்ச்சிக் கட்டுரை. ‘நோய் குணமானது மருந்தாலா, ஓய்வாலா என்று பிரித்துக் காண்பது கடினம்’ என்று சொல்ல வேண்டுமானால் ஆய்வாளர் கை தானாக டிஸ்என்டேங்கிளுக்குப் போகும். இதன் எதிர்ச்சொல்லான என்டேங்கிளிலிருந்து வந்த என்டேங்கிள்மென்ட் என்ற பெயரை 1935-இல் எர்வின் ஷ்ரோடிங்கர் குவான்டம் இயற்பியலுக்குள் கொண்டுவந்தார். தனித்தனியே விவரிக்க முடியாதபடி பிணைந்துவிட்ட துகள்களின் நிலைக்கு அந்தப் பெயர். இரண்டு பொருள்கள் என்ற அம்சம் அங்கேயும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எக்ஸ்ட்ரிகேட் என்பது மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே எடுப்பது. இது லத்தீன் வழி வந்த சொல். தடை, தொல்லை என்று பொருள்படும் லத்தீன் வேர் உள்ளே இருக்கிறது. மிகச் சிக்கலான வேலைப்பாட்டைக் குறிக்கும் இன்ட்ரிகேட் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். விபத்தில் நசுங்கிய வாகனத்திலிருந்து மீட்புப் படையினர் ஒருவரை வெளியே எடுப்பதற்கு இந்தச் சொல்லே வரும். அடுத்தவர் சண்டையில் மாட்டிக்கொண்டவர் நைசாக நழுவுவதற்கும் இதுவே. இதற்கும் ‘ஃப்ரம்’ துணை வேண்டும். பிரிக்கவே முடியாதபடி பிணைந்திருப்பதைச் சொல்லும்போது இன்எக்ஸ்ட்ரிகபிள் என்ற பெயரடை வரும். எழுத்து நடையில் மிகவும் உதவும் சொல்.

அன்பிக் என்றால் தையலை ஒவ்வொரு தையலாகப் பிரிப்பது. அன்வைண்ட் என்றால் சுற்றியதைப் பிரிப்பது, மனிதருக்கு வந்தால் இளைப்பாறுவது. இந்த இரண்டுக்கும் இவ்வளவு போதும்.

கம்பளி பின்னுபவர்களிடம் ஒரு செல்லச் சொல் இருக்கிறது. பின்னியதைப் பிரித்துப்போடுவதை அவர்கள் ஃப்ராக்கிங் என்பார்கள். ‘பிரித்துப்போடு’ என்பதற்கான ‘ரிப் இட், ரிப் இட்’ என்ற ஆங்கிலச் சொற்கள் தவளை கத்துவதுபோல் ஒலிப்பதால் தவளையின் பெயரே அந்த வேலைக்கு வந்துவிட்டது. மொழியைக் கையால் வேலை செய்பவர்கள் எவ்வளவு அழகாக வளர்க்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

மர்மத்துக்கும் நூலுக்கும் என்ன உறவு

துப்பு என்பதைக் குறிக்கும் க்ளூ என்ற சொல் முதலில் நூற்கண்டைக் குறித்தது. கிரேக்கக் கதையில் தீசியஸ் என்ற வீரன் புதிர்ப்பாதைக்குள் மினோட்டார் என்ற அரக்கனைக் கொல்லப் போகிறான். வழி தெரிந்து திரும்பி வர அரியாட்னி என்ற இளவரசி அவனிடம் ஒரு நூற்கண்டு கொடுத்தனுப்புகிறாள். குழப்பத்திலிருந்து வெளியே கொண்டுவரும் நூல் என்ற பொருளிலிருந்து, மர்மத்தைத் துலக்கும் துப்பு என்ற பொருள் வந்தது. ஒரு கதையின் இறுதியில் எல்லாம் தெளிவாவதை ஆங்கிலத்தில் டெனூமான் என்பார்கள். பிரெஞ்சில் அதற்கு முடிச்சு அவிழ்ப்பது என்று பொருள். நாமும் ‘கதை முடிச்சு’ என்கிறோம். ஆகவே துப்பறியும் கதையில் அன்ராவல் வந்தால் அதை அந்நிய உருவகமாக நினைத்துத் தயங்க வேண்டாம்; ‘முடிச்சு அவிழ்ந்தது’ என்று துணிந்து எழுதலாம்.

அடிக்கடி நேரும் மூன்று தவறுகள்

புதிய கைபேசியை ஒரு நிறுவனம் அறிமுகம் செய்தது என்று எழுத நினைத்து அன்ராவல் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே வேண்டியது அன்வெயில், திரையை விலக்கிக் காட்டுவது. ஒரு சொல் குழப்பத்தில் அறிமுக விழாவே குலைந்துபோனதாகப் பொருள் வந்துவிடும்.

கதை மெல்ல விரிகிறது என்பதற்கு அன்ஃபோல்ட் வேண்டும், மடிப்பு விரிவதுபோல. ‘ஹிஸ் ஸ்டோரி அன்ராவல்ட்’ என்று எழுதினால் அவன் சொன்ன பொய் வெளுத்துவிட்டது என்றே ஆங்கில வாசகர் படிப்பார். இதை நன்றாக நினைவில் வையுங்கள். நேர்மையான ஒருவரைப் பற்றி இப்படி எழுதிவிட்டால் அவருக்குப் பெரிய அநீதி.

மூன்றாவது, எழுத்துக்கூட்டல். இறந்த காலத்திலும் ‘இங்’ சேரும்போதும் பிரிட்டிஷ் வழக்கில் எல் எழுத்து இரட்டிக்கும். அமெரிக்க வழக்கில் ஒற்றை எல். டிராவல் என்ற சொல்லுக்கும் இதே வேறுபாடுதான். நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி இந்த ஒற்றை எல்லை அமெரிக்காவில் நிலைநிறுத்த உதவியது. எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பழகிப் பார்க்க

கீழே உள்ள வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுவதாக வைத்துக்கொண்டு, எந்த வினை வரும் என்று விடையைப் பார்க்காமல் யோசியுங்கள்.

சார்ஜர் வயரும் இயர்போன் வயரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தேன். இரண்டு பொருள்கள், நடுவில் ‘இலிருந்து’. டிஸ்என்டேங்கிள் கச்சிதம். பேச்சு வழக்கில் அன்டேங்கிள் என்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆணியில் மாட்டி ஸ்வெட்டரின் ஓரம் பிரியத் தொடங்கிவிட்டது. செய்பவர் இல்லை, பின்னல் குலைகிறது. அன்ராவல், முன்னால் ‘ஸ்டார்ட்டட் டு’.

வாக்குறுதி கொடுத்துவிட்டு, பிறகு எப்படியோ அதிலிருந்து கழன்றுகொண்டான். மாட்டிய இடத்திலிருந்து தன்னை வெளியே எடுத்தது. எக்ஸ்ட்ரிகேட், பின்னால் ஹிம்செல்ஃப், அதற்கும் பின்னால் ஃப்ரம்.

குறுக்கு விசாரணையில் சாட்சி சொன்ன கதை ஒவ்வொரு இடமாகக் குலைந்தது. ஒவ்வொரு இடமாக என்ற மெதுவைக் கவனித்தீர்களா? அன்ராவல். வழக்கறிஞரை எழுவாயாக வைத்து ‘கதையைக் குலைத்தார்’ என்று மாற்றினாலும் அதே அன்ராவல் வடிவம் மாறாமல் நிற்கும். கதையை எழுவாய் இடத்திலிருந்து எடுத்து, வினைக்குப் பின்னால் செயப்படுபொருளாக வைத்தால் போதும்.